கையெழுத்துக்கு மேலே உள்ள இடம்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் கூட்டம் நிற்கும். அதற்கு அடுத்த கூட்டம் வக்கீல் பிரபாகரின் அலுவலகத்தில் நிற்கும். அவரிடம் வழக்குக் கொடுத்தவர்களுக்கு மற்ற ஆறு நாளும் அவரைப் பார்க்க நேரம் கிடையாது. பனியன் கம்பெனியில் ஒரு நாள் மட்டம் போட்டால் ஒன்றரை ஷிப்ட் சம்பளம் போகும். மறுநாள் போய்ப் பார்த்தால் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான்.

கோர்ட்டுக்கு வர முடியாத இந்த ஜனங்களுக்காக பிரபாகர் ஒரு வழி வைத்திருந்தார். வழக்கை எடுக்கும்போதே பத்துப் பதினைந்து வெள்ளைத் தாள்களில் அடியில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். நகல் கேட்கும் மனுவோ, வாய்தா மனுவோ, எது தேவைப்பட்டாலும் கையெழுத்துக்கு மேலே உள்ள இடத்தில் அச்சடித்து நீட்டிவிடலாம். சட்டப்படி இது தப்பு. ஆனால் சட்டம் எழுதியவர்கள் யாரும் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவர்கள் இல்லை. தாள்களெல்லாம் பச்சை நிற இரும்பு பீரோவில் ஆளுக்கொரு கவரில் இருந்தன. சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தாளில்கூட ஒரு வரி தப்பாக ஏறியதில்லை என்று அவர் சொல்லிக்கொள்வார். அன்றைக்கு அது பொய்யில்லை.

சுப்பாத்தாளின் கவரும் அந்த பீரோவில்தான் இருந்தது. ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் ஒரு கம்பெனியில் அவளுக்குப் பிசிர் வெட்டும் வேலை. தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலை நாள் முழுக்க நின்றபடி கத்தரிப்பது. ஒரே மகன் குகன் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அடைப்பு எடுக்க அவனைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். முகமூடி இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. இறங்கியவன் ஏறவில்லை. வயது இருபத்துமூன்று.

சுப்பாத்தாளுக்காக பிரபாகர் இழப்பீட்டு வழக்குப் போட்டார். பட்டறை முதலாளி சதீஷ்குமார் கோர்ட்டில் கொடுத்த பதில் ஒன்றரைப் பக்கம்தான். குகன் எங்கள் தொழிலாளியே அல்ல. குடித்துவிட்டு வேலி தாண்டி உள்ளே வந்த வெளியாள். போதையில் தவறி விழுந்தான். பிரபாகர் அதை வாசித்துக் காட்டியபோது சுப்பாத்தாள் அழவில்லை.

"பணம் வந்தாலும் வராட்டியும் போகுதுங்கண்ணா. என்ற பையன் ஒரு நாளு குடிச்சதில்லீங்க. திருட்டுப்பய மாதிரி வேலி தாண்டுனான்னு எழுதிப் போட்டாங்களே, அதைய அழிக்கோணுங்க. வேலை செய்யப் போயித்தான் செத்தான்னு கோர்ட்டே எழுதிக் குடுக்கோணும். அது போதுங்க."

அதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டுப் பதினைந்து தாளிலும் கையெழுத்துப் போட்டாள். பேங்கில் அம்மா கைநாட்டு வைப்பதைப் பார்த்து மானம் போகிறதென்று சண்டை பிடித்து, குகன்தான் அவளுக்குப் பேர் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தான். பெரிய பெரிய எழுத்தாகத் தாளில் கால்வாசியை அடைத்துக்கொண்டு எழுதுவாள். கடைசி 'ள்' எப்போதும் ஓரத்தில் போய் முட்டும்.

பிரபாகர் அந்த வழக்குக்காக உழைத்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. குகன் பெயர் எழுதிய ஷிப்ட் அட்டையைத் தேடிப் பிடித்தார். பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகளின் ஆய்வறிக்கை எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது; மூன்று வருஷம் மனுமேல் மனு போட்டு அதை எழுப்பினார். ஓர் அக்டோபர் மாதம் அது வந்து சேர்ந்தது. உடலில் மது இல்லை என்று தெளிவாக ஒரே வரி.

"இன்னும் ரெண்டு வாய்தா, அம்மிணி. இந்த அறிக்கையைக் கோர்ட்டுல குடுத்துட்டு சதீஷ்குமாரைக் கூண்டுல ஏத்தி நாலு கேள்வி கேட்டாப் போதும். அப்பறம் தீர்ப்புதான்."

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். நாலு வருஷத்து அழுகையை அந்த அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, பதினொரு மணிக்குத் துணி துவைக்க வேண்டுமென்று எழுந்து போனாள்.

அடுத்த வாரம் கட்சியின் மாவட்டச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தியிடமிருந்து போன் வந்தது.

மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் காலமாகியிருந்தார். இடைத்தேர்தலில் வருபவருக்கு மிச்சம் எட்டு மாதம். கட்சியின் பெரிய தலைகள் எல்லாருக்கும் கண் அடுத்த ஜூனில் வரப்போகும் ஆறு வருஷப் பதவியின்மேல். எட்டு மாதத்தை வாங்கிக்கொண்டால், உனக்குத்தான் கொடுத்தாயிற்றே என்று கையைக் கழுவிவிடுவார்கள் என்ற பயம். ஆகவே சீந்துவாரில்லாமல் கிடந்தது பதவி. ஈஸ்வரமூர்த்திதான் தலைமைக்கு யோசனை சொன்னார். தொழிலாளர் வக்கீல், கட்சிக்காக முப்பது வருஷம் மேடையில் தொண்டை கிழியப் பேசியவர், அதற்கு மேல் கணியூரில் ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்த வெள்ளையனின் மகன். போஸ்டரில் போட இதைவிட நல்ல முகம் எங்கே கிடைக்கும்? எதிர்த்து நிற்க ஆளில்லாமல் பிரபாகர் எம்.பி. ஆனார்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு மாதம் ஒழுங்காக ஓட்டினால் ஆறு வருஷம் தானாக வரும் என்று அவர் நினைத்தார். கோர்ட்டில் எதிராளியின் மனசைக் கேள்விக்கு முன்பே படித்துவிடுகிறவருக்கு, தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று மட்டும் படிக்கத் தெரியவில்லை. மனைவி சித்ரகலா ஒரே ஒரு முறை கேட்டாள்.

"எட்டு மாசத்துக்கு எதுக்குங்க இந்தக் கூத்து? கேஸையெல்லாம் ஆரு பாக்கறது?"

"கிருத்திகா பாத்துக்குவா" என்றார். கிருத்திகா அவருடைய ஜூனியர், கெட்டிக்காரப் பெண். குகன் வழக்கில் ஆய்வறிக்கையைத் தாக்கல் செய்ய அவளே தயாராக இருந்தாள். ஆனால் பிரபாகர் விடவில்லை. அந்தக் கூண்டில் சதீஷ்குமாரை ஏற்றி மடக்கும் சுகத்தை இன்னொருவருக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. "நானே வந்து பண்றேன், வாய்தா வாங்கி வை" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். வாய்தா மேல் வாய்தாவாக ஐந்து மாதம் போயிற்று.

டெல்லியில் அவருக்குப் பேசக் கிடைத்த ஒரே வாய்ப்பு டிசம்பர் மாதம் வந்தது. மூன்று நிமிஷம். மூன்றாவது நிமிஷம் முடிந்தால் மைக் தானாக அணைந்துவிடும். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். கழிவுத் தொட்டியில் சாகிறவர்களைப் பற்றி எழுதிக்கொண்டு போனார். கடைசி வரியில் குகனின் பெயரை வைத்திருந்தார். முதல்நாளே போன் போட்டு, "அம்மிணி, நாளைக்குப் பாரு, உன் பையன் பேரு நாடாளுமன்றத்துல பதிவாகும்" என்று சொல்லியும் இருந்தார்.

எழுந்து நின்றார். முப்பது வருஷ மேடைப் பழக்கம் வாயைத் திறந்ததும் முந்திக்கொண்டது. பண்ணையத்து ஆளின் மகனை இந்த மாமன்றத்துக்கு அனுப்பிய தலைவருக்கு நன்றி சொன்னார். தலைவரைப் பெற்றெடுத்த அன்னைக்கு நன்றி சொன்னார். பொதுச் செயலாளர், பொருளாளர், அவைக் குழுத் தலைவர் என்று வரிசையாகச் சொல்லி, திருப்பூரின் விடிவெள்ளி ஈஸ்வரமூர்த்திக்கு அடைமொழியோடு நன்றி சொல்லி முடிக்கும்போது இரண்டு நிமிஷம் பத்து வினாடி ஆகியிருந்தது. ஊரில் நன்றியை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தால் கீழே உட்கார்ந்திருப்பவனே திமிர் பிடித்தவன் என்பான். அங்கே அது யாருக்கும் தேவைப்படவில்லை. மிச்ச ஐம்பது வினாடியில் தொட்டி வரைக்கும் வந்தார். மைக் அணைந்தது. "ஒரே ஒரு நிமிஷம் ஐயா, ஒரே ஒரு நிமிஷம்" என்று இரண்டு கையையும் கூப்பி மன்றாடினார். அவைத் தலைவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று.

அன்று சாயங்காலம் கம்பெனி விட்டதும் சுப்பாத்தாள் போன் செய்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் செல்போனில் பார்த்திருக்கிறாள்.

"கடைசீல சத்தம் கேக்காமப் போயிருச்சுங்கண்ணா. ஆனா உங்க வாயி அசையறதைப் பாத்தனுங்க. கையெடுத்துக் கும்புட்டுக் குகன்னுதான சொன்னீங்க?"

"ஆமா அம்மிணி" என்றார் பிரபாகர். ஒரு பொய் எத்தனை லேசாக வருகிறது என்று அவர் அப்போது கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் அலுவலகத்தில் வேறு கூட்டம் நின்றது. ரயிலில் அவசர ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க எம்.பி.யின் கடிதம் வேண்டும். ஹோலிக்கு ஊருக்குப் போகும் பீகார்ப் பையன்கள், அவர்களை ஓட்டிக்கொண்டு போகும் லேபர் ஏஜென்ட்டுகள், திருப்பதிக்குப் போகிற முதலாளி வீட்டுக்காரர்கள். பிரபாகர் காலையிலிருந்து மத்தியானம் வரை கடிதத்தாளில் கையெழுத்துப் போட்டார். எத்தனை முறை போட்டாலும் பெயருக்குக் கீழே அச்சடித்திருந்த "நாடாளுமன்ற உறுப்பினர்" என்ற இரண்டு சொல்லையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தாளை எடுப்பார்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஈஸ்வரமூர்த்தி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சதீஷ்குமாரின் வீட்டுக்குப் போனார். விருந்து என்று மட்டும்தான் சொன்னார். எதிராளியின் வீட்டுக்கு வக்கீல் போகலாமா என்று பிரபாகர் இழுத்தார். "நீங்க இப்ப வக்கீலாங்க? எம்.பி.ங்க. தொகுதி முழுக்க உங்க சனந்தானுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. மாநிலங்களவை உறுப்பினருக்குத் தொகுதி ஏது? பிரபாகருக்கு அது கேட்க நன்றாக இருந்தது.

சதீஷ்குமார் வேறு யாருமல்ல. கணியூர் கிட்டுசாமியின் மகன். அந்தக் கிட்டுசாமியின் பண்ணையத்தில்தான் வெள்ளையன் ஆயுசைக் கழித்தார். சின்ன வயதில் பிரபாகர் அப்பாவோடு அந்த வீட்டுக்குப் போனால் மாட்டுக்கொட்டகையோடு நிற்க வேண்டும். தண்ணீர் தேங்காய்ச் சிரட்டையில் வரும். குனிந்து நின்று வெள்ளையன் கூப்பிடும் ஒரே சொல் "சாமி". கிட்டுசாமி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவர் மனைவி தெய்வாத்தாள் மகனோடு திருப்பூர் பங்களாவில் இருந்தாள்.

அன்றைக்கு அவரைக் கூடத்துக்குள் கூட்டிப்போய் மேஜையில் உட்காரவைத்து இலை போட்டார்கள். எண்பதைத் தொடும் தெய்வாத்தாள் தன் கையாலேயே ஒப்புட்டு என்ற இனிப்புப் போளியை வைத்து நெய் ஊற்றினாள்.

"வெள்ளையன் பையனுங்களா நீங்க? நல்லாச் சாப்புடு சாமி. கூச்சப்படாத."

பிரபாகர் ஒப்புட்டைப் பிட்டு நெய்யில் தோய்த்தார். அப்பா அறுபது வருஷம் அந்த வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்த சொல் இப்போது தன் இலைக்குத் திரும்பி வருகிறதென்று நினைத்தார். கொங்கு நாட்டுக் கிழவிகள் வாசலில் வந்து நிற்கும் கீரைக்காரியையும் சாமி என்பார்கள், பேரப்பிள்ளையையும் சாமி என்பார்கள். இது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததையெல்லாம் அன்றைக்கு நெய்யோடு சேர்த்து விழுங்கினார். சாப்பிட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் தன் இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். ஈஸ்வரமூர்த்தியின் இலை மேஜையிலேயே கிடந்தது. இவரிடம் "இருக்கட்டும் விடுங்க" என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. பின்கட்டு எந்தப் பக்கம் என்று தெய்வாத்தாள் கை காட்டினாள்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஈஸ்வரமூர்த்தி ஆரம்பித்தார். குரலில் அத்தனை பதவிசு.

"ஜூன் மாசத்து லிஸ்டுல உங்க பேரு இருக்குதுங்க. ஆறு வருசம். தலைமையில ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. நம்ம கட்சிக்கு இத்தனை செய்யற சதீஷு மேலயே அவரு கேஸ் நடத்தறாராமேன்னு. நாந்தான் சொன்னனுங்க, அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்கன்னு. நாஞ் சொன்னது சரிதானுங்களே?"

சதீஷ்குமார் இன்னும் பணிவாகத் தொடர்ந்தான்.

"நாங்க ஜெயிக்கோணும்னெல்லாம் இல்லீங்க எம்.பி. சார். அந்தம்மாவே வாபஸ் வாங்கிட்டா ஆருக்கும் சங்கடமில்லை பாருங்க. காரணத்தை மட்டும் தெளிவா எழுதிருங்க. சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்தாக் காட்டோணும், அவனுக ஒரு பேப்பர் விடாமப் படிக்கறானுக. நீங்க எழுதுனாத்தானுங்க சரியா இருக்கும்."

ஒரு மிரட்டல் இல்லை. குரல்கூட உயரவில்லை. மிரட்டியிருந்தால் பிரபாகர் எழுந்து வந்திருப்பார்; மிரட்டலுக்கு அவர் பழகியவர். மரியாதைக்குத்தான் பழக்கமில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் கணக்குப் போட்டார். ஆறு வருஷம் கையில் இருந்தால் ஆயிரம் குகன்களுக்குச் சட்டமே கொண்டுவரலாம். ஒரு கேஸைப் பார்த்தால் ஆயிரம் கேஸ் போய்விடும். விற்கிறவன் எல்லாருக்கும் இப்படி ஓர் ஆயிரம் கைவசம் இருக்கும். சுப்பாத்தாளைக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் நினைத்தார். அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. வந்தவர்களுக்கெல்லாம் ரயில் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டு, மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பீரோவைத் திறந்தார். சுப்பாத்தாளின் கவரில் ஒன்பது தாள் மிச்சமிருந்தது. கம்ப்யூட்டரில் தானே தட்டினார். அவர் தமிழ் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

"என் மகன் குகன் மேற்படி நிறுவனத்தின் தொழிலாளி அல்ல என்பதையும், சம்பவ தினத்தன்று மது அருந்திய நிலையில் வேலியைத் தாண்டி உள்ளே சென்றான் என்பதையும் நான் இப்போது விசாரித்து அறிந்துகொண்டேன். எவருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன் இவ்வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்."

பிரிண்டரில் முதல் தாளைக் கொடுத்தார். கையெழுத்து பெரிதாக இருந்ததால் கடைசி வரி அதன் தலையில் ஏறிவிட்டது. கிழித்துப் போட்டார். எழுத்தைச் சின்னதாக்கி இரண்டாவது தாள். அதுவும் "முழு மனதுடன்" என்ற இடத்தில் இடித்தது. மூன்றாவது கோணலாக வந்தது. நாலாவது தாளில்தான் சரியாக உட்கார்ந்தது. மனசு மாறுவதற்கு மூன்று தாள் அவகாசம் கொடுத்திருந்தது அந்தக் கையெழுத்து. மனிதர் அந்த அவகாசத்தில் எழுத்தின் அளவைத்தான் குறைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அந்தத் தாளை வழக்குக் கட்டின் மேலே வைத்து, புதன்கிழமை வாய்தாவில் கொடுத்துவிடும்படி கிருத்திகாவிடம் சொல்லிவிட்டு அவர் டெல்லிக்குப் போய்விட்டார். புதன்கிழமை காலை கோர்ட்டு வராந்தாவிலிருந்து கிருத்திகா போன் செய்தாள். கட்டைப் பிரித்தவள் மேலே இருந்த தாளைப் படித்திருக்கிறாள்.

"சார், ஆய்வறிக்கை நம்ம கையில இருக்குதுங்க சார். இதுல குடிச்சிருந்தான்னு எழுதியிருக்குது. சுப்பாத்தாள் அம்மாகிட்டப் படிச்சுக் காட்டுனீங்களா?"

"காட்டியாச்சும்மா. அவங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கிட்டாங்க. கிளையன்ட் வேண்டாம்னா நாம என்ன பண்றது? கையெழுத்து அவங்களுதுதான?"

"கையெழுத்து அவங்களுதுதானுங்க சார்" என்றாள் கிருத்திகா. குரல் இறங்கிவிட்டிருந்தது. பத்து நிமிஷத்தில் வழக்கு முடிந்தது. மது இல்லை என்று சொன்ன ஆய்வறிக்கையை யாரும் கேட்கவில்லை, யாரும் காட்டவும் இல்லை. அடுத்த மாதமே ஈரோட்டில் வேறு சீனியரிடம் சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு கிருத்திகா கிளம்பினாள். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் பட்டியல் வந்தது. பிரபாகர் வீட்டில் டிவி முன்னால் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நிருபர்கள் வருவார்கள் என்று சித்ரகலாவை டீக்குப் பால் கூடுதலாக வாங்கச் சொல்லியிருந்தார். ஆறு வருஷப் பதவிக்கு ஈஸ்வரமூர்த்தியின் பெயரை வாசித்தார்கள். சாயங்காலம் ஈஸ்வரமூர்த்தியே போனில் வந்தார்.

"நான் எவ்வளவோ சொன்னனுங்க, வக்கீல் சார் இருக்கட்டும்னு. கட்சி கட்டாயப்படுத்திருச்சு. உங்களுக்குத்தான் ஒரு தடவை குடுத்தாச்சேன்னு மேல சொல்லிட்டாங்க. மனசுல எதும் வெச்சுக்காதீங்க. பொன்னாடை போத்தற கூட்டத்துக்கு நீங்கதான் தலைமை தாங்கோணும்."

தலைமை தாங்கினார். நன்றியும் சொன்னார், இந்த முறை மைக் அணையவில்லை.

ஆடி மாதம் பதவி முடிந்தது. அலுவலகப் பலகையில் பெயிண்டர் வந்து "நாடாளுமன்ற உறுப்பினர்" என்பதற்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் "முன்னாள்" என்று நெருக்கி எழுதினான். சதீஷ்குமாரைப் பிடித்தால் கட்சியில் ஏதாவது வாரியப் பதவியாவது கிடைக்கும் என்று ஒரு நாள் பங்களாவுக்குப் போனார். வாசல் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஆரு, வெள்ளையன் பையனா? சதீசு ஊட்டுல இல்லை சாமி. வண்டி வர்ற நேரம், அக்கட்டால கேட்டோரமா நில்லு."

அதே சாமிதான். அவர் கேட்டோரமாக முக்கால் மணி நேரம் நின்றார். வண்டி வந்தது, கண்ணாடி இறங்காமல் உள்ளே போயிற்று.

ஆவணி பிறந்து இரண்டாவது ஞாயிறு சுப்பாத்தாள் வந்தாள். அலுவலகத்தில் வேறு யாருமில்லை. தொழிலாளிகள் வேறு வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ரயில் கடிதக்காரர்கள் ஈஸ்வரமூர்த்தியின் வாசலில் நின்றார்கள். இத்தனை மாதமாக ஒவ்வொரு முறை போன் செய்தபோதும் வாய்தா தள்ளிப்போயிருக்கிறது என்ற பதிலை அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கூலிக்காரிக்கு நாலு வருஷம் தள்ளிப்போன வழக்கு இன்னும் நாலு மாதம் தள்ளிப்போவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கொஞ்சம் இளைத்திருந்தாள். கத்தரி பிடிக்கும் விரலில் துணி சுற்றியிருந்தது.

"ஆறு வருசம் உங்களுக்குக் குடுப்பாங்கன்னு சொன்னாங்கண்ணா. நீங்க வேண்டாம்னுட்டு வந்துட்டீங்களாமா. எங்க கம்பெனியில பேசிக்கிட்டாங்க. எங்க கேஸையெல்லாம் பாக்க ஆளில்லைன்னுதான வந்தீங்க?"

பிரபாகர் நிமிர்ந்து பார்த்தார். சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது, உண்மையாகவே தோன்றியது. வழக்கு செத்துவிட்டது, உன் கையெழுத்தைப் போட்டே உன் மகனைக் குடிகாரன் ஆக்கிவிட்டேன், அந்தத் தாளை வெளிநாட்டுக்காரன் படித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். இவ்வளவுதான். மூன்று நிமிஷம்கூட வேண்டாம்.

"அம்மிணி..." என்றார்.

"இருங்கண்ணா, மறந்து போயிருவேன்." அவள் மடியிலிருந்த மஞ்சப்பையைப் பிரித்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். கசங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "கிருத்திகாப் புள்ளையும் ஈரோட்டுக்குப் போயிருச்சு. குடுத்த தாளெல்லாம் இத்தனை நாளைக்குத் தீந்து போயிருக்குமுங்க. அதான் வர்ற வழியில நானே வாங்கியாந்துட்டேன். இன்னொருக்காப் போட்டுக் குடுத்துட்டுப் போறேன். வாய்தா எப்பங்க?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிரபாகரின் வாய் அசைந்தது.

"புரட்டாசி கடைசியில அம்மிணி."

"சரிங்க. அப்ப தீர்ப்பு வந்துருமுங்களா?"

"வந்துரும்."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தாள். காற்றில் தாள் பறந்தது. பிரபாகர் கையை நீட்டி ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சு, ப், பா என்று நாக்கைக் கடித்தபடி ஒவ்வோர் எழுத்தாக, மகன் சொல்லிக்கொடுத்த மாதிரியே பெரிதாக எழுதினாள். பத்துத் தாள் எழுதி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அவர் பத்துத் தாளையும் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் 'ள்' அவருடைய விரலில் வந்து முட்டியது.

"மேல என்ன எழுதோணுமோ எழுதிக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். "நீங்க எழுதுனாச் சரியாத்தானுங்க இருக்கும்."

அவள் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகு பிரபாகர் தாள்களைத் தட்டி அடுக்கினார். கவரில் பழைய தாள் ஐந்து இருந்தது. புதியதையும் அதனோடு சேர்த்து வைத்து, பீரோவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.